முப்பது வாசகர்களும் ஒரு மேசையும்

இனிமேல் வாசகர்கள் சொல்வதைத்தான் கேட்பது என்று ஒரு திங்கட்கிழமை காலையில் முடிவு செய்தேன். பதினாறு வருஷமாக மனைவி சொல்வதைக் கேட்டுப் பழகிய காது. வாசகர்கள் எங்கேயோ தூரத்தில் இருக்கிறவர்கள். அவர்கள் சொல்வதைக் கேட்பது அதற்கு ஒரு வேலையா என்று நினைத்தேன்.

பகலில் எனக்கு மிக்ஸி, மின்விசிறி செய்கிற கம்பெனியில் வேலை. பெட்டிக்குள் சாமானோடு ஒரு தாள் வருமே, "பயன்படுத்தும் முன் கவனமாகப் படிக்கவும்" என்று ஆரம்பிக்குமே, அதை எழுதுகிறவன் நான்தான். என் எழுத்து லட்சக்கணக்கில் அச்சாகிறது. ஒருவர்கூடப் படித்ததில்லை. பெட்டியைப் பிரித்ததும் தாளை ஓரமாகப் போட்டுவிட்டு நேராக ஸ்விட்சைப் போடுகிறார்கள். என் வீட்டிலேயே அப்படித்தான்.

படிக்க நாலு பேர் வேண்டும் என்ற ஏக்கத்தில்தான் "இருபது முகம்" பத்திரிகையை ஆரம்பித்தேன். மூன்று மாதத்துக்கு ஒன்று, நாற்பத்தெட்டுப் பக்கம். ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடுகிற கதை விளையாட்டு இருக்கிறதே, அதற்கான பத்திரிகை. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் வீரன், திருடன், மந்திரவாதி என்று மாறி, நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே காடு மலையெல்லாம் ஏறுவார்கள். பூதத்தை நாம் வெட்டினோமா, பூதம் நம்மை வெட்டியதா என்பதை இருபது முகப் பகடை ஒன்று தீர்மானிக்கும். கதையை நடத்துகிறவருக்கு நடத்துநர் என்று பெயர். கல்யாணமான புதிதில், நான் ஒரு நடத்துநர் என்று மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். எந்த ரூட்டு என்று கேட்டாள்.

அவளுக்குக் குடிநீர் வாரியத்தில் வேலை. புகார் கவுண்டர். தண்ணீர் வரவில்லை என்கிறவன், வந்தது கலங்கல் என்கிறவன், பக்கத்து வீட்டுக்கு மட்டும் எப்படி வருகிறது என்கிறவன், எல்லோரையும் பார்த்தவள். வாயைத் திறக்கும் முன்பே இவன் எதற்கு வந்திருக்கிறான் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். இந்த ஒரு விஷயத்தை நான் முன்னாலேயே யோசித்திருக்க வேண்டும்.

பத்திரிகையின் உயிர்நாடி, நான் எழுதுகிற பதினொரு பக்கத் தொடர். நானே கற்பனை செய்த ஒரு நாட்டின் முழு வரலாறு. ஆட்டம் ஆடுகிறவர்கள் அந்த நாட்டில் தங்கள் கதையை வைத்துக்கொள்ளலாம். யாரும் இதுவரை வைக்கவில்லை. தொடர் முப்பத்தோராவது பகுதிக்கு வந்திருந்தது. முதல் அரசன் இன்னும் பிறக்கவில்லை. அவனுடைய தாத்தாவுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தோம். அவசரப்பட்டால் வரலாறு கெட்டுவிடும்.

வரலாறு என்றால் வரைபடம் வேண்டும் அல்லவா? நாலு பெரிய சார்ட் தாள்களை ஒட்டி, ஒட்டுப்பலகை மேல் பதித்து, எறும்புக் கால் அளவு எழுத்தில் ஊர் பேரெல்லாம் எழுதி வரைந்து வைத்திருந்தேன். இதழில் அதைச் சுருக்கி உள்ளங்கை அகலத்தில் போடுவேன். அசலை வைக்க எங்கள் வீட்டில் ஒரே ஒரு இடம்தான் இருந்தது. சாப்பாட்டு மேசை. நாலு விளிம்பும் அளவெடுத்த மாதிரி பொருந்தியது. மூன்று வருஷமாக நானும் அவளும் சோஃபாவில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, மடியில் தட்டை வைத்துக்கொண்டு, எதிர்ச் சுவரைப் பார்த்துச் சாப்பிட்டோம். வடக்கு எல்லையில் உப்பு மலை இருக்கும் இடத்தைக் காட்ட ஒரு கிண்ணத்தில் நிஜ உப்பே வைத்திருந்தேன். ஒரு நாள் சமையலுக்கு உப்புப் போதவில்லை என்று அவள் அந்த மலையில் ஒரு சிட்டிகை எடுத்துவிட்டாள். ஊடுருவல் என்றேன். அப்படியானால் சாப்பாடு வேண்டாமா என்று கேட்டாள். சமாதானம் ஆனோம்.

அவள் அதற்கு மேல் சண்டை போட்டதில்லை. ஒரே ஒரு தடவை சொன்னாள்.

"ஒரு வேளையாவது ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்து சாப்பிடணும்னு இருக்குங்க. சுவத்தப் பாத்து சாப்பிட்டு சுவத்துமேலயே பாசம் வந்துடும் போல."

வரலாறு முடியட்டும் என்றேன். தாத்தாவுக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை என்பது அவளுக்கும் தெரியும்.

இந்த நிலையில்தான் அந்தத் திங்கட்கிழமை மச்சான் வந்தார். அவளுடைய அண்ணன். சொந்தமாக அச்சகம் வைத்திருக்கிறவர், பத்திரிகையை அச்சடித்துக் கொடுப்பவர். நல்ல மனிதர், ஆனால் காகிதச் செலவு என்றால் மட்டும் கண்ணில் ரத்தம் வரும். பத்திரிகை இனி முப்பத்தேழு பக்கம்தான் என்று அறிவித்தார். நாற்பத்தெட்டில் முப்பத்தேழைக் கழித்தால் எவ்வளவு வரும் என்று என் மனைவி அப்பாவியாகக் கேட்டாள். மூன்று பேருமே கூரையைப் பார்த்தோம்.

வாசகர்களைக் கேட்காமல் ஒரு வரிகூட எடுக்க விடமாட்டேன் என்று நான் குதித்தேன். அதற்கென்ன, கேட்போம் என்றார் மச்சான். அடுத்த இதழோடு ஒரு கருத்துப் படிவம் போகும். பத்திரிகையில் ஆறு பகுதிகள். ஒரே மாலையில் ஆடி முடிக்கிற மாதிரி தயார்க் கதை, பூதங்கள், ஆட்டக்காரர்களுக்கு யோசனை, கடிதங்கள், படங்கள், கடைசியாக என் வரலாறு. வாசகர்கள் ஒன்று முதல் ஆறு வரை இடம் கொடுக்க வேண்டும். கீழே "வேறு ஏதாவது சொல்ல விரும்பினால்" என்று இரண்டு வரி காலி. மொத்தத்தில் எது கடைசி இடமோ, அதை எடுத்துவிடுவது.

வரலாறு போனால் வரைபடமும் போகுமா என்று மனைவி கேட்டாள். வரலாறு இல்லாத நாட்டுக்கு வரைபடம் எதற்கு, போகும் என்றேன். மேசை வந்துவிடும் என்றாள். வரட்டும் என்றேன் வீராப்பாக. வாசகர்கள் மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

நாற்பத்திரண்டு படிவங்கள் வந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் இருவரும் சோஃபாவில் உட்கார்ந்து உறைகளைப் பிரித்தோம். நான் எண்களைப் பார்த்துவிட்டு அவளிடம் தள்ளிவிடுவேன். அவள் அலுவலகப் பழக்கத்தில் ஒவ்வொன்றையும் மேலிருந்து கீழ்வரை, கையெழுத்துவரை படித்து அடுக்குவாள். சும்மா எதற்கு நேரத்தை வீணாக்குகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

முப்பத்தொன்பது பேர் வரலாற்றுக்கு ஆறாம் இடம் கொடுத்திருந்தார்கள். இரண்டு பேர் கட்டத்தைக் காலியாக விட்டிருந்தார்கள். அப்படி ஒரு பகுதி இருப்பதே அவர்களுக்குத் தெரியவில்லை என்று படுகிறது. ஒரே ஒருவர் முதல் இடம் கொடுத்திருந்தார். நான் எழுந்து நின்றுவிட்டேன். ரசிகன் என்றால் இவனல்லவா என்று அந்தப் படிவத்தைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினேன். அவள் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, அவர் எண்களைத் தலைகீழாகப் போட்டிருக்கிறார், ஆறுதான் உயர்ந்த இடம் என்று ஓரத்தில் குறிப்பே எழுதியிருக்கிறார் என்று காட்டினாள்.

அன்று ராத்திரி சாப்பாடு எனக்கு இறங்கவில்லை. முப்பத்தொரு பகுதிகள். ஏழரை வருஷ உழைப்பு. மிக்ஸித் தாளைத் தூக்கிப் போடுகிற ஜனங்களேதான் இவர்களும் என்று மனசு நொந்துபோனேன்.

மனசு நொந்தால் மூளை வேலை செய்கிற ஜாதி நான். மச்சான் படிவங்களை வாங்கிப்போகத் திங்கட்கிழமை காலை வருவதாக இருந்தார். சனிக்கிழமை மதியம் நாற்பத்திரண்டையும் ஒரு பழைய மிக்ஸி அட்டைப்பெட்டிக்குள் போட்டுப் பரணில் ஏற்றினேன். அச்சகத்தில் மிச்சமாகி வந்த வெற்றுப் படிவங்கள் கத்தையாகக் கிடந்தன. ஐந்து நிறப் பேனாக்களோடு பால்கனியில் உட்கார்ந்தேன். நாற்பத்திரண்டு பேர் தொலைந்தார்கள். புதிதாக முப்பது வாசகர்களைப் பிறப்பிப்பதென்று தீர்மானித்தேன். ஒரு நாட்டையே படைத்தவனுக்கு முப்பது பேர் ஒரு பொருட்டா?

ஏழு படிவம் எழுதி முடிப்பதற்குள் துணி எடுக்க அவள் வந்துவிட்டாள். மறைக்கக்கூட நேரமில்லை. ஒன்றை எடுத்துப் படித்தாள். இன்னொன்றை எடுத்தாள். திட்டப்போகிறாள் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஏழு பேரும் 'வரலாறு மிக மிக அருமை, ஆசிரியர் வாழ்க'ன்னு எழுதியிருக்காங்களே."

"ஆமா."

"ஏழு பேருமே 'அருமை'க்கு மேல ஒரே மாதிரி சுழிச்சிருக்காங்களே."

"தெரியுதா?"

"எங்க கவுண்டருக்கு தெனமும் பொய்க் கையெழுத்து வருதுங்க. ஒரு தெருவே கையெழுத்து போட்டிருக்கும், எல்லாம் ஒரே ஆளு சுழி. இத எங்க அண்ணன் கண்ணு மூடிக்கிட்டு பாத்தாலும் கண்டுபிடிச்சுடுவாரு."

துணிக் கூடையைக் கீழே வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். மேசை கிடைக்கிற வாய்ப்பைக் கெடுத்துக்கொண்டு எனக்கு உதவி செய்கிறாளே என்று உருகிப்போனேன். பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும் என்பார்கள் என்றாள். ஒவ்வொரு வாசகரும் தனி ஆளாக இருக்க வேண்டும். வயசு, தொழில், குணம், குறை எல்லாம் வேண்டும். பிறகு ஒரு நிமிஷம் யோசித்தாள்.

"இதுதானே நீங்க ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை ஆடுறது? நீங்க நடத்துநரா இருங்க. நான் வாசகரா வேஷம் போடுறேன்."

பதினாறு வருஷத்தில் முதல் தடவையாக என் மனைவி ஆடுகிறேன் என்கிறாள். பகடையை எடுத்து வர நான் ஓடிய ஓட்டத்தில் கால் கட்டை விரல் கதவில் இடித்தது, அது மறுநாள்தான் வலித்தது.

அந்த ஏழையும் கிழித்துப் போட்டுவிட்டு, முதலில் சட்டதிட்டங்களைச் சொல்லிக் கொடுத்தேன். ஆளின் வயது, தொழில், குணம் மூன்றுக்கும் எண் போட்ட பட்டியல் உண்டு, எது என்பதைப் பகடை சொல்லும். ஆனால் அந்த ஆள் என்ன நினைக்கிறான், என்ன ஆசைப்படுகிறான் என்பதை வேஷம் போடுகிறவர்தான் சொல்ல வேண்டும். அதை நடத்துநர் மாற்றக்கூடாது. அது இந்த ஆட்டத்தின் தர்மம், அதை மீறுகிறவன் மனுஷனே இல்லை என்று குரலை உயர்த்திச் சொன்னேன்.

"அப்போ நான் என்ன சொன்னாலும் எழுதிடுவீங்க?"

"ஒரு எழுத்து மாத்தமாட்டேன்."

"கடைசி ரெண்டு வரியையும்?"

"முக்கியமா அதைத்தான். அங்கதானே ஆளோட குணம் தெரியும்."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். நான் பகடையை உருட்டினேன். வயது ஐம்பத்து நாலு, தொழில் கிரேன் ஓட்டுவது, குணம் முன்கோபம் என்று வந்தது. அவள் கண்ணை மூடித் திறந்தாள். எதிரில் இருந்தது என் மனைவி இல்லை. புருவத்தைச் சுருக்கி, தோளை அகட்டி, என்னை நூறு அடி உயரத்திலிருந்து பார்த்தாள்.

"என்னய்யா கேக்கணும், சீக்கிரம் கேளு. மேல வண்டி நிக்குது."

எனக்கு நிஜமாகவே பயமாகிவிட்டது. வரலாற்றுக்கு எத்தனையாவது இடம் என்று மரியாதையாகக் கேட்டேன்.

"மொத இடம்."

"ரொம்ப நன்றிங்க. வேற ஏதாவது சொல்ல விரும்புறீங்களா?"

"விரும்புறேன். நான் உசரத்துல உக்காந்து எல்லாத்தையும் முழுசா பாக்குறவன். நீ உள்ளங்கை அகலத்துல வரைபடம் போடுற. ஆறு எது எழுத்து எதுன்னு தெரியல. கண்ணு அவிஞ்சு போச்சு. அம்மாம் பெரிய நாட்ட அசல் அளவுல போட்டா உனக்கு என்ன குறைஞ்சுடும்?"

நெஞ்சு நிறைந்துவிட்டது. என் வரைபடத்தைப் பார்க்கவேண்டும் என்று ஒரு மனிதர் கோபப்படுகிறார். வரிக்கு வரி எழுதிக்கொண்டேன்.

அடுத்தது நீச்சல் சொல்லிக்கொடுக்கிற டீச்சர். கூச்ச சுபாவம். முகத்தைப் பாதி திருப்பிக்கொண்டு, வரலாறு பிடிக்கும், ஆனால் அந்தப் பெரிய ஆறு கடலில் எங்கே கலக்கிறது என்று பத்திரிகையின் மடிப்பில் மறைந்துவிடுகிறது, ஒரே தாளில் இருந்தால் நன்றாக இருக்கும் என்று தரையைப் பார்த்துச் சொன்னாள். பிறகு ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர் வந்தார். நிஜ நடத்துநர்.

"ஊருக்கு ஊரு எவ்வளவு தூரம்னு தெரியாம எப்படி சார் பயணம் போறது? தாத்தா பொண்ணு பாக்கப் போறாரு, போறாரு, ஏழு இதழா போயிட்டே இருக்காரு. வரைபடத்த கையில குடுங்க, நாங்களே கொண்டுபோய் எறக்கி விடுறோம்."

இதில் லேசாக ஒரு குத்தல் இருந்தது. ஆனால் தர்மம் தர்மம்தான். எழுதிக்கொண்டேன்.

அப்புறம் பல் செட்டு செய்கிறவர், பியானோவுக்குச் சுருதி சேர்க்கிறவர், பூட்டுத் திறக்கிறவர், நர்ஸ், முடிதிருத்துகிறவர், கண்ணாடி வெட்டுகிறவர். ஒவ்வொருவருக்கும் ஒரு குரல், ஒரு நடை, ஒரு இருமல். எல்லோரும் முதல் இடம் கொடுத்தால் சந்தேகம் வரும் என்று மூன்று பேர் மட்டும் பூதங்களுக்கு முதல் இடம் கொடுத்து வரலாற்றுக்கு இரண்டாம் இடம் கொடுத்தார்கள். கையெழுத்துக்கும் அவளே வழி சொன்னாள். கிரேன்காரர் அழுத்தி எழுதுவார், டீச்சர் சின்னதாக எழுதுவாள், கண்டக்டர் ஓடுகிற வண்டியில் எழுதுவார். நான் ஒரு காலை ஆட்டிக்கொண்டே கண்டக்டரை எழுதினேன்.

இருபதாவது ஆளைத் தாண்டியபோது இரண்டு பேரும் சிரித்துச் சிரித்துச் சுவரில் சாய்ந்துவிட்டோம். காய்ந்த துணியெல்லாம் கொடியிலேயே கிடந்தது. இவள் இவ்வளவு நேரம் சேர்ந்தாற்போல் சிரித்து நான் பார்த்து ரொம்ப நாளாகிவிட்டது. வாராவாரம் சனிக்கிழமை இப்படி யாருக்காவது பொய்ப் படிவம் எழுத முடியுமா என்றுகூட யோசித்தேன். சந்தோஷமாக இருக்கிறவனுக்குச் சந்தேகம் வராது. என் வாசகர்களுக்கு வரைபடத்தின் மேல் கொஞ்சம் அதிகமாகவே ஆசை இருக்கிறது என்று தோன்றியது. அழகான வரைபடம், ஆசைப்படுகிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

திங்கட்கிழமை காலை மச்சான் வந்தார். படிவங்களை நீட்டினேன். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கணக்குப் பார்த்தார். நான் அவர் முகத்தையே பார்த்தேன். அவர் முகம் மலர்ந்தது.

"மாப்பிள்ளை, ஜெயிச்சுட்டீங்க. நான் என்னமோ நெனச்சேன். வரலாறுதான் மொதல்ல நிக்குது."

அடக்கமாகத் தலையை அசைத்தேன். அன்பான வாசகர்கள் என்றேன். மனைவி டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, கீழே எழுதியிருப்பதையும் படித்துவிடுங்கள் அண்ணா, பாவம், மெனக்கெட்டு எழுதியிருக்கிறார்கள் என்றாள்.

மச்சான் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். ஒன்று படித்தார், ஐந்து படித்தார், பத்து படித்தார். டீ ஆறியது.

"முப்பது பேர்ல இருபத்தேழு பேர் ஒண்ணையே கேக்குறாங்களே மாப்பிள்ளை. வரைபடத்த அசல் அளவுல போடச் சொல்லி."

"ஆமா, ஏதோ ஆசையில எழுதியிருப்பாங்க. அதுக்காக..."

"அதுக்காகவா? இந்தக் கிரேன் ஓட்டுறவர் எவ்வளவு கோவமா எழுதியிருக்காரு பாருங்க. தாளு கிழிஞ்சிருக்கு."

"அவர் கொஞ்சம் முன்கோபிங்க மச்சான்."

"அவர உங்களுக்குத் தெரியுமா?"

திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி ஆயிற்று. வலிக்கவும் செய்கிறது, கத்தவும் முடியவில்லை. எழுத்தைப் பார்த்தால் தெரிகிறதே என்று முனகினேன். மனைவி சர்க்கரை போதுமா என்று கேட்டாள்.

மச்சான் எழுந்து போய் மேசையைச் சுற்றி இரண்டு தடவை நடந்தார். சாண் போட்டு அளந்தார். மனசுக்குள் ஏதோ கூட்டினார். மெல்லிய தாளில் அச்சடித்து, மடித்து நடுவில் வைத்துக் கொடுத்தால் ஒரு இதழுக்குச் சரியாகப் பதினொரு பக்கத்துக்கு ஆகிற காகிதச் செலவுதான் ஆகும் என்று அறிவித்தார். பத்திரிகை முப்பத்தேழு பக்கம், நடுவில் வரைபடம். அவருக்கும் காகிதம் மிச்சமில்லை, நஷ்டமுமில்லை.

"அப்போ வரலாறு?"

"அதான் வரைபடமா போடுறோமே. நாடு மொத்தமும் கண்ணு முன்னால இருக்கும்போது எழுத்து எதுக்கு மாப்பிள்ளை? வாசகர்ங்களே கேட்டுட்டாங்க. வாசகர் பேச்ச கேக்கணும்னு சொன்னதே நீங்கதானே?"

ஃபோட்டோ எடுத்துக்கொண்டு போகலாமே என்று கடைசியாக ஒரு துரும்பைப் பிடித்தேன். எறும்புக் கால் எழுத்து ஃபோட்டோவில் விழாது, அச்சகத்திலேயே வைத்துத் துண்டு துண்டாகப் பிரதி எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். கீழே வேன் நின்றது. ஆட்கள் இரண்டு பேரும் வந்திருந்தார்கள். படிவம் வாங்க வந்தவர் எதற்கு வேனும் ஆளும் கொண்டு வந்தார் என்று எனக்கு அப்போது கேட்கத் தோன்றவில்லை. பலகையோடு தூக்கினார்கள். மாடிப்படி வளைவில் என் நாடு ஒரு தடவை செங்குத்தாக நின்றது. உப்பு மலையை மட்டும் மனைவி முன்னாலேயே எடுத்துச் சமையலறைக்குள் வைத்துவிட்டாள்.

அவர்கள் போன பிறகு மேசையைத் துடைத்தேன். மூன்று வருஷத்துக்குப் பிறகு மேசையின் மரத்தைப் பார்த்தேன். அது என்ன நிறம் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

இதழ் வந்தது. நான் நாலு நாள் அலுவலகத்தில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன். மின்விசிறித் தாளில் "இறக்கையைத் தொட்டால் அனுபவிப்பீர்கள்" என்று எழுதி மேலாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஐந்தாம் நாள் கடிதங்கள் வர ஆரம்பித்தன. நிஜக் கடிதங்கள். ஒரு வாரத்தில் அறுபத்து மூன்று. வரைபடத்தை விரித்து வைத்து அதன் மேலேயே ஆடினோம் என்று எழுதியிருந்தார்கள். ஒருவர் உப்பு மலைக்குத் தன் திருடனை அனுப்பியிருந்தார். இன்னொருவர் அந்தப் பெரிய ஆற்றில் நாலு பேரை மூழ்கடித்துவிட்டு, மன்னித்துக்கொள்ளுங்கள், உங்கள் ஆறு ரொம்ப வேகம் என்று எழுதியிருந்தார். ஏழரை வருஷத்தில் முதல் தடவையாக என் நாட்டுக்குள் ஆட்கள் போயிருந்தார்கள். உள்ளதைச் சொல்கிறேன், கண் கலங்கிவிட்டது. இதழ் தீர்ந்துபோய் மச்சான் இரண்டாம் தடவை அச்சடித்தார்.

ஒரு கடிதத்தில் மட்டும் ஒரு வரி உறுத்தியது. "படிவத்தில் நாங்கள் எல்லோரும் கேட்டதை ஒருவழியாகக் காதில் போட்டுக்கொண்டதற்கு நன்றி" என்று இருந்தது. எல்லோருமா? ஏணியைப் போட்டுப் பரணிலிருந்து அட்டைப்பெட்டியை இறக்கினேன். நாற்பத்திரண்டையும் எடுத்து முதல் தடவையாகக் கடைசி இரண்டு வரிகளைப் படித்தேன். வரைபடம் சின்னதாக இருக்கிறது. மடிப்பில் ஆறு மறைகிறது. தூரம் தெரியவில்லை. பெரிதாகப் போடுங்கள். ஒருவர் கெஞ்சியிருந்தார், ஒருவர் திட்டியிருந்தார். ஏணியின் இரண்டாம் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அவள் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"நானா எதையும் சொல்லலங்க. அவங்க கேட்டத அப்படியே குரல மாத்திச் சொன்னேன். நீங்க எண்ணத்தான் பாத்தீங்க, எழுத்த பாக்கல. எங்க கவுண்டர்லயும் ஆபீசருங்க இப்படித்தான்."

"உங்க அண்ணன் வேன் கொண்டுவந்தது?"

"அன்னிக்குக் காலையில போன் பண்ணேன். கனமா ஒரு சாமான் இருக்கும்னு மட்டும்தான் சொன்னேன்."

கோபப்படலாமா என்று யோசித்தேன். வந்த அறுபத்து மூன்று கடிதங்களும் கீழே சோஃபாவில் கிடந்தன. கோபம் வரவில்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்டம் அந்த மேசையில்தான் நடக்கிறது. எங்கள் குழுவில் பல் டாக்டர், கணக்கு வாத்தியார், டயர் கடைக்காரர் என்று மூன்று பேர் இருந்தார்கள், என்னோடு நாலு. இப்போது சமையலறையிலிருந்து கிரேன்காரரும் வந்து உட்காருகிறார். பல் டாக்டருக்கு அவரைக் கண்டால் பயம். ஆட்டம் சரியாக எட்டு மணிக்கு முடிந்துவிடுகிறது. முடியாவிட்டால் கிரேன்காரர் முடித்துவிடுவார்.

ஆனாலும் நாடு என் நாடு. பிள்ளையை ஹாஸ்டலில் விட்ட மாதிரி மனசு அடித்துக்கொண்டது. அச்சகத்தில் எட்டிப் பார்த்தேன். மச்சான் அதை முன்னறைச் சுவரில் மாட்டி, மேலே ஒரு விளக்கும் போட்டு வைத்திருந்தார். யானை வாய்க்குப் போன கரும்பு என்று தெரிந்தாலும் விட மனசில்லை. போன வாரம் ஒரு நாள் சாப்பிடும்போது மெதுவாகப் பேச்சை எடுத்தேன். மேசையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தோம். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவது நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அவளுக்கும் என் முகம் தெரிகிறது என்பதுதான் அதில் உள்ள கஷ்டம்.

"பிரதி எடுத்து முடிச்சாச்சே. வரைபடத்த எப்போ திருப்பித் தருவாராம் உங்க அண்ணன்?"

"அவரு இன்னிக்கே தர ரெடிதாங்க. வாசகர்ங்க ஒத்துக்கணுமே."

"எந்த வாசகருங்க?"

"அந்த முப்பது பேரு."

நிமிர்ந்து பார்த்தேன். முப்பது பேரும் எதிரில் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இந்தப் பக்கம் நான் ஒருவன்தான்.